மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு: ஒரு கோடை முழுக்கப் பார்த்தபின் என் கருத்து

கடைசி மாடியில் குடியிருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கோடையில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள்: வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று சொல்லி விற்கிறார்களே, அந்தக் கூல் ரூஃப் பெயின்ட், அதை அடித்தால் உண்மையிலேயே வீடு குளிருமா? நாங்கள் அடித்து ஒரு கோடை முடிந்துவிட்டது. அடிக்கலாம், தயங்காமல் அடிக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் '10 டிகிரி குறையும்' என்பதை அறையின் வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். இது எங்கே வேலை செய்கிறது, எந்த நேரத்தில் செய்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் போட்ட காசுக்குப் பலன் நிச்சயம்.

எங்கள் கூரை 15 சென்டிமீட்டர் கனமுள்ள சாதாரண கான்கிரீட். மேலே தட்டோடு கிடையாது. வெறும் சிமென்ட் பூச்சு, அதுவும் வயதாகிக் கறுத்துப்போனது. அதன் கீழே இரண்டு அறைகள். ஒன்று அம்மாவுடையது, இன்னொன்றில் நான் பகல் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். பகலை எப்படியோ ஓட்டிவிடலாம். ராத்திரிதான் கொடுமை. வெளியே காற்று ஆறிப்போய் இதமாக இருக்கும். கதவைத் திறந்து உள்ளே வந்தால் தலைக்கு மேலிருந்து அனல் இறங்கும். ஃபேனைக் கூட்டி வைத்தால் சீலிங்கை ஒட்டி நிற்கும் வெக்கையைத்தான் அது வாரி நம் மேல் வீசும்.

இது ஏன் என்று புரிந்துகொள்ளாமல் இந்தப் பூச்சை எடைபோட முடியாது. மேகமில்லாத உச்சி வெயிலில் தட்டையான தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 1000 வாட் அளவுக்குச் சூரிய சக்தி விழுகிறது. பழைய கான்கிரீட் அதில் 60 முதல் 70 சதவீதத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். 15 சென்டிமீட்டர் தளம் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோ எடை. அவ்வளவு கனமும் சூடேறி, அந்தச் சூடு அடிப்பக்கம் வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆகிறது. அதனால்தான் மாடித்தரை உச்சி சாய்ந்ததும் மிக அதிகமாகச் சுட்டாலும் சீலிங் சாயங்காலம்தான் அதன் உச்சத்துக்குப் போகிறது. சூரியன் மறைந்த பிறகும், பகலில் வாங்கி வைத்த கடனைக் கான்கிரீட் நம்மிடம்தான் அடைக்கிறது.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. அறைக்குள் நமக்குப் படும் வெக்கை காற்றின் சூடு மட்டும் அல்ல. சுற்றியுள்ள சுவர், தரை, சீலிங் எல்லாமே நம் உடம்போடு கதிர்வீச்சாக வெப்பத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கின்றன. காற்று அசையாத அறையில், காற்றின் வெப்பநிலையும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி வெப்பநிலையும் ஏறத்தாழச் சரிபாதி கணக்கில் சேர்ந்துதான் நம் உடம்பு உணரும் சூட்டைத் தீர்மானிக்கின்றன. கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பவருக்கு எதிரே இருக்கும் மிகப்பெரிய பரப்பு சீலிங். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 33 என்று காட்டும்போதே நமக்குப் புழுங்கித் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே 'அறையில் எத்தனை டிகிரி குறைந்தது' என்பதோடு நிறுத்தாமல், 'சாயங்காலம் சீலிங் எவ்வளவு சுடுகிறது' என்றும் பார்க்க வேண்டும். நான் பார்த்தது அதைத்தான்.

டப்பாவுக்குள் இருப்பது பெரிய மர்மம் எதுவும் இல்லை. அக்ரிலிக் பிசின், அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி, விரிசல் விடாமல் இழுபடுவதற்கான சேர்மானங்கள். நல்ல தரமான பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் 80 முதல் 85 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெறும் கான்கிரீட் உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 650 வாட் வாங்கிக்கொள்கிறது என்றால், இதன் கீழே அது 200 வாட்டோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. வித்தியாசம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. உள்ளே வந்த சூட்டை இது குளிரவைக்காது. உள்ளே வரவே விடாமல் வாசலிலேயே நிறுத்துகிறது.

டப்பாவில் தேட வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று, வெயிலைத் திருப்பி அனுப்பும் அளவு. இரண்டாவது, வாங்கிய கொஞ்சச் சூட்டையும் வானத்தை நோக்கி உமிழும் திறன். வெள்ளைப் பூச்சுக்கு இந்த இரண்டாவது எண் 0.9 அளவில் இருக்கும். இரண்டையும் சேர்த்து எஸ்.ஆர்.ஐ. என்று ஒரே எண்ணாகவும் போடுவார்கள். ஒரு நிலையான கறுப்புப் பரப்புக்கு 0, நிலையான வெள்ளைப் பரப்புக்கு 100 என்று வைத்துக் கணக்கிடுவது அது. நல்ல பூச்சுகள் 100-ஐத் தாண்டவும் செய்யும், அதில் பித்தலாட்டம் இல்லை. ஆனால் இந்த எண்கள் புதிதாக அடித்த பூச்சுக்கா, மூன்று ஆண்டுகள் வெயிலும் மழையும் பட்ட பிறகு அளந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். நான் பார்த்த டப்பாக்களில் பெரும்பாலானவை புதிய எண்ணை மட்டும்தான் போட்டிருந்தன. இரண்டையும் போட்டிருந்த ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தேன். விலை கொஞ்சம் கூடுதல்தான். இருந்தாலும், அழுக்கேறிய பிறகு தன் சரக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தயாராக இருப்பவரிடம் வாங்குவது எனக்குச் சரியாகப் பட்டது.

சாதாரண வெள்ளை எமல்ஷன் போதாதா என்று கேட்பார்கள். அதுவும் வெயிலைத் திருப்பும், சந்தேகமே இல்லை. ஆனால் சுவருக்காகச் செய்ததைத் தரையில் அடித்தால் தண்ணீர் தேங்கி, காலடி பட்டு, சீக்கிரமே உரிய ஆரம்பிக்கும். சுண்ணாம்பும் அப்படித்தான். அடித்த புதிதில் பளிச்சென்று அருமையாக வேலை செய்யும், செலவும் சொற்பம். ஒரு மழைக்காலம் போனால் பாதி கரைந்து குழாய் வழியே போய்விடும். வருடா வருடம் கோடைக்கு முன் அடிக்கத் தயார் என்றால் சுண்ணாம்பு மோசமான தேர்வு இல்லை. வாடகை வீட்டில் இருந்திருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

அடித்துக் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வந்தவர் முதலில் டப்பாவைத் திறக்கவில்லை. இரண்டு வாளி தண்ணீரை மாடி முழுக்க ஊற்றிவிட்டுக் கைப்பிடிச்சுவர் ஓரம் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "அக்கா, இந்த மூலையில வாட்டம் இல்ல பாருங்க, தண்ணி அப்படியே நிக்குது. தண்ணி நிக்கிற இடத்துல எந்தப் பெயின்ட்டும் நிக்காது. முதல்ல இதைச் சரி பண்ணிக்கலாம்" என்றார். அந்த மூலையில் கலவை போட்டு வாட்டம் எடுத்துக் காயவிட்ட பிறகுதான் மற்ற வேலை. பாசியைக் கம்பி பிரஷ் வைத்துச் சுரண்டினார். விரிசல்களை அகலப்படுத்தி அடைத்தார். தளத்தைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் ஒரு கோட், அதன் மேல் பூச்சு இரண்டு கோட். முதல் கோட்டை நீளவாக்கில் ஓட்டினால் இரண்டாவதைக் குறுக்குவாக்கில். தரையும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலையில் ரோலர் போகாது என்று பிரஷ் எடுத்து, சுவரில் ஒரு சாண் உயரம் வரை ஏற்றி அடித்தார். உச்சி வெயிலில் அடிக்க மறுத்துவிட்டார். சூடான தளத்தில் மேல்தோல் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், பிறகு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும் என்பது அவர் சொன்ன காரணம். பூச்சின் தரம் பாதி என்றால் இந்தப் பொறுமை மீதிப் பாதி.

முழு மாடியையும் ஒரே நேரத்தில் அடிக்கவில்லை. அம்மாவின் அறைக்கு மேலே மட்டும் அடித்துவிட்டு, என் அறைக்கு மேல் அப்படியே விட்டேன். ஒரே தளம், ஒரே வெயில், ஒரே மாதிரி ஜன்னல். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி வீட்டில் கிடைக்காது.

வெளியே காற்று 38 டிகிரி இருந்த ஒரு மதியம், அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் அளந்தபோது வெறும் கான்கிரீட் 58-ஐ ஒட்டி இருந்தது. பூசிய பக்கம் 43. கோடு போட்டதுபோல இரண்டும் பிரியும் இடத்தில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், ஒரு கால் தாங்கும், இன்னொரு காலை உடனே தூக்கிவிடுவீர்கள். விளம்பரத்தில் சொல்லும் 10 டிகிரி, 15 டிகிரி எல்லாம் இந்த வித்தியாசம்தான். பொய் இல்லை. ஆனால் நாம் குடியிருப்பது மாடித்தரையின் மேல் அல்லவே.

அதே நாள் சாயங்காலம் உள்ளே வந்து சீலிங்கை அளந்தேன். என் அறையில் 39, அம்மாவின் அறையில் 35-க்குக் கொஞ்சம் குறைவு. அறைக் காற்றில் வித்தியாசம் இரண்டு டிகிரிகூட இல்லை. எண்ணாகப் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். உடம்புக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பரப்பு ஒரு டிகிரி கூடுதலாகச் சுட்டால் அதிலிருந்து வரும் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 வாட் கூடுகிறது. நான்கு டிகிரி என்றால் 24 வாட், தலைக்கு மேலே அறை முழுவதும் விரிந்து கிடக்கும் பரப்பிலிருந்து, ராத்திரி வெகுநேரம் வரை. அம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. "தலகாணி சுடலடி இன்னிக்கு" என்றார், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ராத்திரி ஒரு முறை எழுந்து தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுப்பது அவருக்கு வழக்கம். அந்தக் கோடையில் அதைப் பார்க்கவில்லை.

எந்த நேரத்தில் பலன் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் இரண்டு அறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மதியத்திலும் கொஞ்சம்தான். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து நடுராத்திரி வரைதான் இரண்டும் வேறு வேறு வீடுபோல இருந்தன. பகலில் வெளியே போய்விட்டு ராத்திரி தூங்க மட்டும் வருபவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கும் சாயங்காலம் போட்டவுடன் அறை சீக்கிரம் குளிரும். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்காது.

செய்யாததையும் சொல்கிறேன். என் அறையின் மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் நேராக அடிக்கிறது. அதற்கு இந்தப் பூச்சால் ஒன்றும் ஆகாது. ஜன்னல் வழியே வரும் வெயில், வெளியிலிருந்து வரும் அனல் காற்று, சமையலறைச் சூடு எதையும் இது தொடாது. கடைசி மாடிக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பலன் அநேகமாக இல்லை. புழுக்கம் ஈரப்பதத்தால் வருகிறது என்றால் அதற்கும் இது மருந்து இல்லை. குளிர்காலம் நீளமாகவும் கடுமையாகவும் இருக்கும் ஊர்களில் வெயில் தரும் இலவசச் சூட்டையும் இது திருப்பி அனுப்பிவிடும் என்பதால் அங்கே வேறு கணக்குப் போட வேண்டும்.

குறைகளில் முதலாவது தூசி. அடித்துக் கொஞ்ச காலத்திலேயே விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரல் போன தடம் பளிச்சென்ற வெள்ளையாகவும் சுற்றிலும் சாம்பல் நிறமாகவும் தெரிந்தது. அந்தச் சாம்பல் நிறம் ஒவ்வொன்றும் உள்ளே இறங்கும் சூடு. 80-க்கு மேல் திருப்பி அனுப்பிய பூச்சு, கவனிக்காமல் விட்டால் 60, 65-க்கு இறங்கிவிடும். அப்போதும் கறுத்த கான்கிரீட்டைவிட மேல்தான், ஆனால் நீங்கள் காசு கொடுத்தது அதற்கு அல்ல. மென்மையான துடைப்பமும் தண்ணீரும் போதும். கோடை ஆரம்பிக்கும்போது ஒரு முறை, நடுவில் ஒரு முறை கழுவினால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. கம்பி பிரஷ், ஆசிட் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாவது, கண்கூச்சம். உச்சி வெயிலில் மாடிக்குப் போனால் கண்ணைத் திறக்க முடியாது. பக்கத்தில் உங்களைவிட உயரமான வீடு இருந்தால் அவர்கள் ஜன்னலுக்குள்தான் அந்த வெளிச்சம் போகும். அடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. மூன்றாவது, ஈரமானால் வழுக்கும். துணி காயப்போட வயதானவர்கள் போகும் பாதையில் சொரசொரப்பான வகையை அடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: விற்பவர்கள் வாட்டர் புரூஃபிங்கையும் இதையும் ஒன்றாகக் குழப்புவார்கள். தண்ணீரை ஓரளவு தடுக்கும்தான். ஆனால் ஒழுகும் கூரையை இதை மட்டும் அடித்து மூடினால் உள்ளே தங்கும் ஈரம் பூச்சையே தூக்கிவிடும்.

பலர் கேட்கும் மாற்று வழி, சீலிங்குக்குக் கீழே தெர்மோகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போடுவது. அதுவும் வேலை செய்யும். கான்கிரீட்டைவிடத் தெர்மோகோல் வெப்பத்தைக் கடத்துவது நாற்பதில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் மேலே உள்ள கான்கிரீட் தினமும் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும், விரிசலும் தொடரும். அதே காப்புப் பலகையைத் தளத்துக்கு மேலே பதித்து அதன் மேல் ஓடு போட்டால் கான்கிரீட்டும் குளிர்ச்சியாக இருக்கும், அறையும் குளிர்ச்சியாக இருக்கும். புது வீடு கட்டுபவர்கள் அதைச் செய்துவிட்டு மேலே வெள்ளை ஓடாகப் போடுங்கள் என்பேன். கட்டி முடித்த வீட்டில் அது பெரிய வேலை. பூச்சு இரண்டு மூன்று நாள் வேலை. மாடியில் உயர்த்திப் பொருத்திய சோலார் பேனல் இருந்தால் அது போடும் நிழலே பெரிய உதவி. நிழல் விழாத மீதி இடத்துக்கு மட்டும் பூசினால் போதும்.

தகரக் கூரைக்காரர்களின் கதை வேறு. தகரத்துக்குக் கனம் இல்லை என்பதால் தாமதமும் இல்லை. வெயில் ஏறும்போதே அனலடிக்கும், வெயில் போனதும் ஆறிவிடும். அங்கே வெள்ளைப் பூச்சின் பலன் ராத்திரிக்குக் காத்திருக்காது, நடுப்பகலிலேயே தெரியும். என்னைக் கேட்டால் கான்கிரீட்டைவிடத் தகரத்துக்குத்தான் இது அவசரம். பளபளக்கும் தகரம் வெயிலைத் திருப்பத்தானே செய்கிறது, எதற்குப் பூச்சு என்று நினைக்கலாம். திருப்பும், ஆனால் வாங்கிய சூட்டை உமிழ்வதில் பளபள உலோகம் படுமோசம். அதனால் சூடு அதிலேயே தங்கும். தகரத்தை அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் அளந்து, குறைவாகத்தானே காட்டுகிறது என்று நம்பிவிடவும் வேண்டாம். அந்தக் கருவி பெரும்பாலும் 0.95 உமிழ்திறன் உள்ள பரப்புக்கு ஏற்றபடி அமைத்து வருவது, பளபளப்பான உலோகத்தில் தப்பாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

2021-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் வெயிலில் 98.1 சதவீதத்தைத் திருப்பும் ஒரு வெள்ளைப் பெயின்ட்டை அறிவித்தார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிவிடும் என்பதால் அதற்குப் பதில் பேரியம் சல்பேட் சேர்த்தார்கள். அது நேர் வெயிலிலும் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்தது. இந்தச் செய்தியைக் காட்டி, 'எங்கள் பெயின்ட் அதே மாதிரிதான்' என்று யாராவது விற்க வந்தால் ஆய்வக அறிக்கை கேளுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக் பூச்சு அந்த வகை இல்லை. இருக்கவும் வேண்டாம், 80 சதவீதமே அம்மாவின் தூக்கத்தை மீட்டுக் கொடுத்துவிட்டது.

என் அறைக்கு மேலே உள்ள பாதிக்கு வரும் கோடைக்கு முன்பே அடித்துவிடுவேன். அதே பூச்சு, அதே ஆள். அதோடு மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு நிழல் தட்டியும் கட்டச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அந்தப் பக்கத்துச் சூட்டுக்குக் கூரையில் வழி இல்லை.